ஷட்டர் இறங்கிய பிறகு

சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணி. திருப்பூரில் ஒரு சந்துக்குள் பன்னிரண்டு மெஷின் போட்ட ஜாப் ஒர்க் கம்பெனி. ஷட்டர் இறங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அதன் ஓனர் மாடியில் படுத்திருக்கிறார். காலை எட்டு மணிக்கு நிற்கத் தொடங்கிய கால் இது; முழங்கால் வலிக்கிறது, பஞ்சுத் தூசியில் கண் எரிகிறது. அடித்துப் போட்ட மாதிரி தூங்க வேண்டிய உடம்பு. தூங்கவில்லை. புரண்டு படுக்கிறார், போனை எடுத்துப் பார்க்கிறார், வைக்கிறார். ஒரு மணிக்கு எப்படியோ கண் அசந்தால் மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விடியும்வரை ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

“உழைச்சா தூக்கம் தானா வரும்னு எங்கய்யன் சொல்லுவாருங்க. நானும் உழைக்கத்தானுங்க செய்யறேன். எனக்கு மட்டும் ஏனுங்க வரமாட்டேங்குது?”

இந்தக் கேள்வியை நான் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். மளிகைக் கடைக்காரர், பேக்கரிக்காரர், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் எல்லாரும் இதையே கேட்கிறார்கள். அதே கம்பெனியில் பகல் முழுக்க பண்டல் தூக்கிய ஹெல்பர் பையன் பத்து நிமிடத்தில் குறட்டை விடுகிறான். வேலை நேரத்தை வைத்துப் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

ஒரு சொல்லை முதலில் சரிசெய்துகொள்வோம். ‘மன அழுத்தம்’ என்று தமிழில் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்லிவருகிறோம். வாழ்வில் பிடிப்பே விட்டுப்போகிற நோயும் மன அழுத்தம், நாளைய சம்பளத்துக்குப் பணம் புரட்டும் பதற்றமும் மன அழுத்தம். இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது. அதை ‘உளைச்சல்’ என்று அழைக்கிறேன். திருப்பூரில் அதற்கு ‘டென்ஷன்’ என்று பெயர்.

தூக்கத்துக்கு மூன்று சாவிகள்

விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளை ஆற்றலைச் செலவழிக்கிறது. அப்படிச் செலவழிக்கும்போது அடினோசின் என்ற பொருள் மிஞ்சிச் சேர்கிறது. அது சேரச் சேரக் கண் கனக்கும். இது முதல் சாவி. இரண்டாவது சாவி மூளைக்குள் இருக்கும் கடிகாரம். இருட்டினால் தூங்கு, வெளுத்தால் எழு என்று சொல்வது அது. இந்த இரண்டும் சேர்ந்து தூக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்ற விளக்கத்தை 1982இல் சூரிச் நகரத்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். இன்றும் தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

நம் ஓனருக்கு இந்த இரண்டு சாவியும் திரும்பிவிட்டன. நாள் முழுக்க விழித்திருந்தார், நேரமும் நள்ளிரவு. முதல் சாவியைக் கொஞ்சம் தடுப்பது டீ. நான்கு மணி, ஆறு மணி, எட்டு மணி என்று டீ குடிக்கிறார். மூளையில் அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலிகளில் டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் போய் உட்கார்ந்துகொள்ளும். அது பாதியாகக் குறையவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம்போல் ஆகிறது. அதாவது எட்டு மணி டீயில் பாதி ஒரு மணிக்கும் உள்ளே இருக்கிறது. ஆனால் டீயை நிறுத்திப் பார்த்தவர்களும் விழித்துத்தான் கிடக்கிறார்கள்.

மூன்றாவது சாவிதான் விஷயம். ஓடும் பஸ்ஸில், ஹாரன் சத்தத்தில், ஒரு தாய் தூங்குகிறாள். மடியில் இருக்கும் குழந்தை லேசாகச் சிணுங்கினால் உடனே விழிக்கிறாள். காது இரண்டு சத்தத்தையும் கேட்டது. எதற்கு எழுப்ப வேண்டும் என்று முடிவுசெய்த காவல்காரன் ஒருவன் உள்ளே இருக்கிறான். அவன் ‘ஆபத்து இல்லை’ என்று ஒப்புக்கொண்டால்தான் மற்ற இரண்டு சாவிக்கும் கதவு திறக்கும்.

ஒரே மணி

அந்தக் காவல்காரன் அடிக்கும் மணியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஒரு தோல்வியிலிருந்து வந்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் மருத்துவர் புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசையில் எலிகளுக்கு உறுப்புச் சாறுகளை ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எலிகளின் உடலில் மூன்று மாற்றங்கள் தெரிந்தன. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியது. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது. இரைப்பையில் புண் வந்தது. ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதையெதையோ செய்தார். குளிரில் விட்டாலும் அதே மூன்று. காயப்படுத்தினாலும் அதே மூன்று. ஓய்வில்லாமல் ஓடவிட்டாலும் அதே மூன்று. ஹார்மோன் கனவு கலைந்தது. 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சின்னக் கடிதமாக அதை எழுதினார்: ஆபத்து எதுவானாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மணியைத்தான் அடிக்கிறது. பின்னால் வந்தவர்கள் பல நுணுக்கங்களைத் திருத்தினார்கள். அடிப்படை நிற்கிறது.

அந்த மணியின் முதல் ஓசை அட்ரினலின். நொடிகளில் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அதன் பின்னால் மெதுவாக வருவது கோர்ட்டிசால். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், உடம்பைத் தயார்நிலையில் நிறுத்தும். இயல்பான நாளில் இந்தக் கோர்ட்டிசால் காலையில் உச்சத்துக்குப் போய், பகலெல்லாம் இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும்.

காட்டுவழியில் பாம்பைப் பார்த்தால் இந்த ஏற்பாடு அருமையானது. மணி அடிக்கும், குதிப்போம், பாம்பு போய்விடும், மணி நிற்கும். வராத பேமெண்ட் அப்படிப் போய்விடுவதில்லை.

ஒரு சனிக்கிழமையின் கணக்கு

நம் ஓனரின் அன்றைய நாளை மணிவாரியாகப் பார்ப்போம். இவர் ஒரே ஒரு ஆள் இல்லை. நான் பார்த்த பலரைச் சேர்த்துச் செய்தவர். எண்களும் கணக்கு எளிதாக இருக்க நான் வைத்தவை.

பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். வாரச் சம்பளம் 60,000 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் அது கையில் இருந்தாக வேண்டும். இந்த ஊரில் சனிக்கிழமைச் சம்பளம் தவறினால் திங்கட்கிழமை மெஷினில் ஆள் இருக்காது. தைத்துக் கொடுத்த பீஸுக்குப் பெரிய கம்பெனி பில் பணம் தருவதோ சுமார் எட்டு வாரம் கழித்து. எட்டை அறுபதாயிரத்தால் பெருக்கினால் 4,80,000. சம்பளக் கணக்கில் மட்டும் ஏறத்தாழ ஐந்து லட்ச ரூபாய் எந்த நாளும் இவர் கையைவிட்டு வெளியே நிற்கிறது. ஊசி, நூல், வாடகை, கரண்ட் பில் இதில் சேரவில்லை. லாபத்தில் ஓடும் கம்பெனிக்கும் இதே நிலைதான். அந்த ஓட்டையை ஏலச்சீட்டும், கைமாத்தும், மனைவியின் வளையலும் அடைக்கின்றன.

காலை எட்டரை. ஓவர்லாக் டைலர் இருவர் வரவில்லை. ஒருவர் போனை எடுக்கவில்லை; இன்னொருவர் ஊரில் சாவு என்கிறார். வேறு ஆள் தேட வேண்டும்: ஒன்று.

பதினொன்று. கம்பெனியிலிருந்து வந்த செக்கிங் ஆள் முந்நூறு பீஸில் கழுத்துத் தையல் சரியில்லை என்று ஒதுக்குகிறார். பிரித்துத் தைக்க வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்று அவர் சொல்லவில்லை: இரண்டு, மூன்று.

மதியம் இரண்டு. அக்கவுண்ட்ஸுக்குப் போன். “திங்கக்கிழம பாக்கலாங்ணா.” பாக்கலாம் என்றால் தருவதா, தராததா? நான்கு.

நான்கு மணிக்கு அடகுக் கடை. போன மாதம் மீட்ட வளையல் திரும்பவும் உள்ளே போகிறது. மீட்க வேண்டும்: ஐந்து. அதை மாமியாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஆறு.

ஏழு மணிக்குச் சம்பளக் கவர். மனைவி பெயர் எழுத எழுத இவர் நோட்டை எண்ணி வைக்கிறார். பகலெல்லாம் பீஸ் செக்கிங்கில் நின்றதும், மூன்று வேளை சமைத்ததும், இப்போது கணக்கு எழுதுவதும் அதே கைதான். அவர் பெயரில் மட்டும் கவர் இல்லை. இரண்டு பேர் அட்வான்ஸ் கேட்கிறார்கள். அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியாகிவிட்டது: ஏழு, எட்டு.

எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடிந்து எல்லாரும் போகிறார்கள். மெஷின் துடைத்து, வேஸ்ட் அள்ளி, ஷட்டர் இறக்கும்போது பத்தரை. அப்போது ஒரு வாட்ஸ்அப் செய்தி: திங்கள் காலை பத்து மணிக்குப் பீஸ் லாரியில் ஏற வேண்டும். ஒன்பது.

இந்த ஒன்பதையும் இன்னொரு முறை பாருங்கள். ஒன்றாவது இன்றைக்குள் முடிந்ததா? கை செய்த வேலை எல்லாம் முடிந்தது: பண்டல் இறங்கியது, கவர் கொடுத்தாயிற்று, தரை பெருக்கியாயிற்று. தலைக்குள் இருக்கும் ஒன்பதும் அப்படியே நிற்கின்றன. இவற்றைத் ‘திறந்த கணக்கு’ என்று அழைப்போம். ஹெல்பர் பையன் சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனபோது அவன் தலையில் கம்பெனிக் கணக்கு ஒன்றும் இல்லை.

முடியாத வேலை விடாது

பெர்லினில் 1920களில் உளவியலாளர் குர்ட் லெவினிடம் படித்த மாணவிகள் இருவர். அவர்களைப் பற்றி ஒரு ஓட்டல் கதை சொல்வார்கள். சர்வர் ஒருவர் எழுதிக்கொள்ளாமலே ஒவ்வொரு மேஜைக்கும் என்ன பில் என்று சொல்கிறார். பணம் வாங்கிய அடுத்த நிமிடம் கேட்டால் நினைவில்லை. ப்ளூமா ஸைகார்னிக் இதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஆட்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் கொடுத்து, பாதியை நடுவிலேயே தடுத்தார். முடித்த வேலைகளைவிட முடியாதவையே அவர்கள் நினைவில் அதிகம் நின்றன என்று 1927இல் எழுதினார். பிறகு இதே சோதனையைச் செய்த எல்லாருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய தோழி மரியா ஒவ்சியான்கினா கண்டது உறுதியாக நிற்கிறது: தடுத்த வேலையை, யாரும் சொல்லாமலே, பரிசு எதுவும் இல்லாமலே, மனிதர்கள் திரும்பப் போய் எடுத்துக்கொள்கிறார்கள்.

பகலில் இது நல்ல குணம். அடுப்பில் வைத்த பாலை நாம் மறக்காமல் இருப்பது இதனால்தான். இரவு பதினொன்றரைக்கு மனம் முந்நூறு பீஸிடம் திரும்பிப் போகிறது, ஆனால் அங்கே கை செய்ய ஒன்றும் இல்லை. டைலரை நள்ளிரவில் கூப்பிட முடியாது. அக்கவுண்ட்ஸ் திங்கட்கிழமைதான் திறக்கும். எடுத்ததை வைக்கவும் முடியாமல், முடிக்கவும் முடியாமல் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும் ஒவ்வொரு முறையும் காவல்காரன் மணியைத் தொடுகிறான்.

முதலாளி என்றால் கடிவாளம் கையில்தானே?

“யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டாம், அதுக்குத்தான் தனியா வந்தேன்” என்று ஒவ்வொரு ஓனரும் பெருமையோடு சொல்வார். அந்தப் பெருமை பொய்யில்லை. 1979இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் காட்டியதும் அதற்குத் துணைநிற்கிறது. வேலைப் பளு மட்டும் ஆளை அவ்வளவு வதைப்பதில்லை. பளு மிகுந்து, முடிவெடுக்கும் உரிமை குறைந்த இடத்தில்தான் உளைச்சல் மிகுதி என்றார் அவர். அப்படிப் பார்த்தால் ஓனர் பாதுகாப்பான பக்கத்தில் இருக்க வேண்டும்.

எதில் அவருக்கு உரிமை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. கம்பெனிக்குப் பெயர் வைக்கலாம். யாரை வேலைக்கு எடுப்பது என்று சொல்லலாம். பீஸ் ரேட், டெலிவரி தேதி, பணம் வரும் நாள், நூல் விலை, கரண்ட் போகும் நேரம் எதுவும் அவர் கையில் இல்லை.

பணம் வரும் நாளை இங்கே தனியாகப் பார்க்க வேண்டும். ஜே வைஸ் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் சில சோதனைகள் செய்தார். படிக்கவே வருத்தமாக இருக்கும் சோதனைகள்தான். ஆனால் அவை சொன்னது பெரிய விஷயம். இரண்டு எலிகளுக்கும் ஒரே அளவு அதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சி வருமுன் ஒரு சத்தம் கேட்கும். சத்தம் கேட்ட எலிக்கு வயிற்றுப் புண் குறைவாகவும், எப்போது வரும் என்று தெரியாமல் இருந்த எலிக்கு மிகுதியாகவும் இருந்தது. முன்னறிவிப்பு இருந்தால், அது ஒலிக்காத நேரமெல்லாம் நிம்மதி நேரம். அது இல்லாவிட்டால் எல்லா நேரமும் அதிர்ச்சி நேரம்.

எழுபதாவது நாள் பணம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், அறுபத்தொன்பது நாளுக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டு தூங்கலாம். “பாக்கலாங்ணா” என்ற பதிலை வைத்துக்கொண்டு எதை ஏற்பாடு செய்வது? சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டுவட்டி சேரும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் புகார் எழுதினால் பணம் வரலாம், அடுத்த ஆர்டர் வராது. அந்தப் பயத்தில் பலர் அந்தச் சட்டத்தின் பக்கமே போவதில்லை.

யாரும் எண்ணாத மணிகள்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்று எல்லை போட்டது. ஓனருக்கு எல்லை இல்லை. அவர் மணியை எண்ணுவதற்கு அட்டையும் இல்லை. நம் ஆள் எட்டு மணியிலிருந்து பத்தரைவரை, ஆறு நாள்: 87 மணி. ஞாயிற்றுக்கிழமை காலை மெஷின் ரிப்பேர், நூல் வாங்குவது என்று இன்னும் ஐந்து. 92.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு 55 மணியைக் கோடாக எடுத்துக்கொண்டது. வாரம் 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணிக்கு மேல் செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதய இரத்தக்குழாய் அடைப்பால் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். 92 என்றால் எவ்வளவு என்று அந்த ஆய்வு தனியே பிரித்துச் சொல்லவில்லை. 55க்கு மேல் எல்லாம் அதற்கு ஒரே கூடைதான்.

கரும்பு வெட்டுமுன்

உளைச்சல் தூக்கத்தோடு நிற்பதில்லை. முடிவெடுக்கும் திறனையும் அது தின்கிறது. இதற்கான சான்று நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகளிடமிருந்து உலகத்துக்குக் கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ நால்வரும் 464 விவசாயிகளுக்கு ஒரே வகைச் சிந்தனைப் புதிர்களை இரண்டு முறை கொடுத்தார்கள்: கை வறண்டிருக்கும் அறுவடைக்கு முன் ஒருமுறை, கரும்புப் பணம் வந்த பின் ஒருமுறை. ஆள் அதே ஆள், படிப்பு அதே படிப்பு. பணம் வந்த பின் தெளிவாகச் செய்தவர்கள், வருவதற்கு முன் தடுமாறினார்கள். 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளியானது. பணக்கவலை மூளையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சம் இருக்கும் இடத்தில்தான் மற்ற யோசனை என்பது அவர்கள் விளக்கம்.

கரும்பு விவசாயிக்கு அறுவடை என்று ஒரு நாள் உண்டு. ஜாப் ஒர்க் ஓனருக்கு வாராவாரம் சனிக்கிழமை. அறுவடைக்கு முந்திய மாதம் அவருக்கு முடிவதே இல்லை. கட்டுப்படியாகாத ரேட்டுக்கு ஆர்டரை எடுத்துவிட்டு, “என்ன யோசிச்சு ஒத்துக்கிட்டேன்னே தெரியலீங்க” என்று அவர் சொல்லும்போது நம்புங்கள். யோசிக்கும் இடம் அன்றைக்கு நிறைந்திருந்தது.

தேய்மானம்

பவர் மெஷினுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் என்று வருமான வரிக் கணக்கில் ஆடிட்டர் கழிக்கிறார். உடம்புக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு என்று 1993இல் எழுதினார்கள் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும். மணி அடிப்பதால் கெடுதல் இல்லை. அடித்த மணி நிற்காமல் மாதக்கணக்கில் ஒலித்தால், நம்மைக் காக்க வந்த சுரப்புகளே நம்மை அரிக்கத் தொடங்கும். இரத்த அழுத்தம் ஏறிய இடத்திலேயே நின்றுவிடும், வயிற்றில் கொழுப்பு படியும், சர்க்கரை தலைகாட்டும், நினைவு மங்கும். இதற்குத் ‘தேய்மானச் சுமை’ என்று பெயர் வைக்கலாம். நாற்பத்திரண்டு வயதில் முதல் பிபி மாத்திரையை வாங்கும் ஓனர், “எங்க வம்சத்திலேயே யாருக்கும் இல்லீங்களே” என்று டாக்டரிடம் சொல்வதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

அரை மணியும் ஐந்து நிமிடமும்

சென்னையில் 452 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. குறைந்த வருமானக்காரர்கள், ஒரு மாதம் டேட்டா என்ட்ரி வேலை. எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் இவர்கள் தூங்கியது ஐந்தரை மணிதான். வெக்கை, கொசு, சத்தம் என்று தூக்கம் துண்டு துண்டாகியிருந்தது. ஆய்வாளர்கள் கண்பட்டை, காதடைப்பான், ஃபேன் எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். வேலையில் மாற்றமே தெரியவில்லை. ஆனால் மதியம் அரை மணி நேரம் வேலை இடத்திலேயே தூங்க விட்டவர்களுக்குக் கவனம் கூடியது, மனநிலை தெளிந்தது, வேலை செய்த நேரத்தில் வேகமும் கூடியது. தூங்கிய அரை மணி வேலை நேரத்திலிருந்து கழிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தென்மாவட்டத்துச் சிறு ஊர்களில் மதியம் கடையைச் சாத்திவிட்டு நான்கு மணிக்குத் திறக்கும் வழக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது. சோம்பேறித்தனம் என்று அதைக் கேலி செய்கிறவர்களோடு நான் உடன்படவில்லை.

இன்னொன்று மிகச் சிறியது. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்தார்கள். படுக்குமுன் ஐந்து நிமிடம் பாதிப் பேர் அன்று முடித்த வேலைகளை எழுதினார்கள். மீதிப் பேர் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு விரைவாகத் தூக்கம் வந்தது. திறந்த கணக்கு தாளுக்குப் போய்விட்டால் காவல்காரன் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை போலும்.

இதைச் சென்ற ஆண்டு ஒரு ஓனர் வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். அவர் கேட்டார்: “எழுதுனாப் பணம் வந்துருங்களா?” வராது என்றேன். பணம் சொன்ன தேதியில் வருவதற்கு எழுத்து உதவாது. வாங்குகிறவர்கள் மாற வேண்டும். அவர் தாளை எடுக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி, கிழித்து வைத்திருந்த காலண்டர் தாளை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். நிறுத்தாமல் எழுதினார். பதினேழு வரி வந்தது. கணவர் அதை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அதில் ஐந்து கணக்கு அதுவரை அவருக்குத் தெரியாதவை.